குண்டாகாத சுண்டெலியின் கதை
கொழுப்பு என்றாலே நமக்குத் தொப்பைதான் ஞாபகம் வரும். ஆனால் பழுப்புக் கொழுப்பின் வேலையே வேறு. அது சக்தியை எரித்து உடலுக்குச் சூடு தருகிறது. அதைச் செய்ய வைப்பது யூசிபி-1 என்ற புரதம்.

1997-ல் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றால் குளிரைத் தாங்க முடியவில்லை. ஆனால் குண்டாகவும் இல்லை! அப்படியானால் உடல் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையா?

2009-ல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். நமக்கு இதமான ஆய்வக அறை, சுண்டெலிக்குக் குளிர். புரதம் இல்லாவிட்டாலும், வேறு வழியில் சூடு உண்டாக்கவே அதற்கு நிறையச் சக்தி செலவாகிவிடும். அதற்கு இதமான 30 டிகிரியில் வளர்த்ததும் அவை குண்டாகிவிட்டன.

வளர்ந்த மனிதர்களிடமும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வது உறுதியானது அதே 2009-ல்தான். சுண்டெலிக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தாது நண்பர்களே. ஆனால் பன்னிரண்டு வருடம் விடையை மறைத்தது வெறும் அறைக்குளிர்தான் என்பது யோசிக்க வைக்கிறது, இல்லையா?