மூப்பர் சபையும் மாணவர் அவையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்று நிற்கிறது. ஆங்கிலேயரின் போர்க்குறிப்புகளில் 'பெர்மாகோயில்' என்று வரும் கோட்டை இதுவே. 1760இல் ஐர் கூட் இதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். பின்னர் ஹைதர் அலியின் படையும் இங்கு வந்தது. யார் யாரிடமிருந்து பறித்தார் என்பதே இக்கோட்டையைப் பற்றி நாம் படிக்கும் வரலாறு.

இவ்வட்டாரத்துக்குப் பள்ளிக்கூடம் சார்ந்த இன்னொரு வரலாறும் உண்டு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. அம்மிஷனின் உயர்கல்விக்கூடம் வேலூரின் ஊரிஸ் கல்லூரி. அதற்கு மேல் படிக்க விரும்பியவர்களின் பார்வை சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பக்கம் திரும்பியது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்ற வழியும் அதுதான்.

ஆற்காடு மிஷனை அனுப்பிய சீர்திருத்தச் சபையும், சென்னைக் கல்லூரியைத் தொடங்கிய ஸ்காட்லாந்துச் சபையும் கால்வினின் வழிவந்த சகோதரச் சபைகள். பின்னதைப் பிரெஸ்பிட்டேரியன் என்பர். பேராயர் இல்லாத சபை அது. மக்கள் மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மூப்பர்களும் போதகரும் ஒன்றாக அமர்ந்து முடிவெடுப்பார்கள். பொதுப் பேரவையின் தலைவர் பதவி ஓராண்டுக்குரியது; ஆண்டு முடிந்ததும் அவர் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும். இத்தகைய மரபில் வளர்ந்தவர்கள் கல்லூரி நடத்தியபோது மாணவர் தலைமை எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு நம் கேள்வி.

ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளியைத் தொடங்கினார். 1841இல் ராஜகோபால், வேங்கடராமையா, எத்திராஜுலு என்னும் மூன்று மாணவர்கள் திருமுழுக்குப் பெற்றபோது நகரம் கொந்தளித்தது; பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். அம்மூவரும் பின்னாளில் போதகர்களாயினர். குடும்பத்தை இழந்து பெற்ற தலைமை அது. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர் சிலரே என்பதும் வெளிப்படை.

1862இல் வந்த வில்லியம் மில்லர் வேறு பாதையை எடுத்தார். உடனடி மதமாற்றம் கல்லூரியின் நோக்கமன்று. ஒரு சமுதாயத்தின் சிந்தனையில் மெல்லப் பரவுவதே அதன் பணி என்றார். தாயகத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஆயினும் 1896இல் அவரது சபையே அவரைப் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

மில்லர் காலத்துக் கல்லூரியில் பயின்றவர்களுள் இருவர் வி. எஸ். அசரியாவும் கே. டி. பாலும். அசரியா 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி மாணவரிடையே பணியாற்றினார். கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், பிறரோடு இணங்கிப் போகவும் பழக்கிய களம் அது. மிஷன்களில் அக்காலத்தில் நிலைமை வேறு. மூப்பர் தேர்தல் உள்ளூர்ச் சபையில் நடக்கலாம். பணமும் நியமனமும் அயல்நாட்டு மிஷனரிகளின் குழுவிடமே இருந்தன. சபை தரத் தயங்கிய பொறுப்பை மாணவர் சங்கங்கள் தந்தன.

அதன் பலன் விரைவில் தெரிந்தது. 1905இல் இருவரும் பிறரோடு சேர்ந்து செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினர். ஆட்களும், பணமும், நிர்வாகமும் இந்தியருடையவை. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கூடிய இடம் மில்லரின் சபைக்குரிய பேரவை மண்டபம். அம்மாநாட்டில் அசரியா, மிஷனரிகள் தம்மை அர்ப்பணித்திருக்கலாம், ஆனால் எங்களோடு நட்புக் கொள்ளவில்லை என்னும் பொருளில் பேசினார். மாணவர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்றார். ஆறு ஆண்டுகளில் கே. டி. பால் ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர் ஆனார்.

இரண்டாவது 'இல்லை' கல்லூரி வளாகத்திலேயே எழுந்தது. 1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் என மூன்று விடுதிகள். மாணவர்கள் தமக்குள் செயலாளர்களைத் தேர்ந்தெடுத்து, சமையற்கூடக் கணக்கு உட்படத் தாமே நடத்தும் மரபு அவற்றில் வேரூன்றியது. மறு ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மாமன்றம் கூடியது. கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்னும் ஹென்ட்ரிக் கிரேமரின் நூல் மேசையில் இருந்தது. அதற்கு மறுமொழியாக மாநாட்டை ஒட்டி ஒரு கட்டுரைத் தொகுதி வெளியாயிற்று. அதில் முன்னின்று எழுதிய பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் இக்கல்லூரியின் பழைய மாணவர்கள். கல்லூரியின் முதல்வராயிருந்த ஏ. ஜி. ஹாக்கும் கிரேமரோடு உடன்படவில்லை. சக்கரை பின்னாளில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார்.

இந்த மறுப்பில் கிறித்தவரல்லாதவருக்கும் பங்குண்டு. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனத்தை வகுப்பறையில் கேட்ட ராதாகிருஷ்ணன், தம் முதுகலை ஆய்வேட்டை அதற்கு விடையாகவே எழுதினார். அதைப் பாராட்டியவர் அதே ஹாக்.

இதைப் பொற்காலமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன பெயர்கள் அனைத்தும் ஆண்களுடையவை. அதிகாரமும் கேட்டவுடன் கைமாறிவிடவில்லை; அசரியாவின் பேச்சுக்கும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். ஆயினும் ஒன்று தெளிவு. இங்கே தலைமை பயிற்சி வகுப்பில் உருவாகவில்லை. சிறியதாயினும் உண்மையான பொறுப்பு கையில் கிடைத்தபோது உருவாயிற்று. அப்படி உருவானவர்கள் பொறுப்பு தந்தவர்களையே கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களுள் சிலராவது அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

பெருமுக்கல் போன்ற கோட்டைகளைப் பறித்தவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். பொறுப்பைக் கையளித்தவர்களின் வரலாறும், வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதும் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.