2857ஆம் எண் பேருந்து

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய நகரப் பேருந்து அது. டீசல் இயந்திரமும் 36 இருக்கைகளும் கொண்டது. இண்டியானா மாநிலத்தில் ஓடிய அவ்வண்டி, 1954இல் அலபாமாவின் மாண்ட்கோமரி நகருக்கு வந்தது.

அந்நகரில் முன்வரிசைகள் வெள்ளையர்க்கே உரியவை. 1955 டிசம்பர் 1ஆம் நாள், வெள்ளையர் ஒருவருக்காகக் கறுப்பினத்தவர் நால்வரை எழுந்திருக்குமாறு ஓட்டுநர் பணித்தார். ரோசா பார்க்ஸ் அம்மையார் மறுத்தார், கைதானார். கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். பலர் நடந்தே பணிக்குச் சென்றனர். 1956இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவ்விதி ஒழிந்தது.

1971இல் பணி ஓய்ந்த வண்டி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் வெட்டவெளியில் துருவேறிக் கிடந்தது. 2001இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதனை 492,000 டாலருக்கு வாங்கிப் புதுப்பித்தது.

இவ்வரலாற்றை மாணவர்க்குக் கூறுங்கால், அம்மையாரோடு, நடந்து சென்ற அம்மக்களையும் நினைவூட்டுவோம்.