வெறுங்காலும் வைத்தியக் கல்லூரியும்

மேனாட்டு வைத்தியம் கற்பிப்பதற்கென இலங்கை அரசினர் திறந்த முதற் பாடசாலை 1870ஆம் ஆண்டிலே கொழும்பில் தோன்றியது. அது தோன்றுவதற்குக் காரணமாய் நின்ற நோயோ கொழும்புக்குரியதன்று. மன்னார்த் தீவை விட்டுக் கடற்கழியைக் கடந்து பெருநிலம் புகுவார்க்கு எதிரே விரிந்து கிடக்கும் வன்னி நாட்டிலே, செருப்பறியாத குடியானவர் உடலிலும் பாதங்களிலும் குடிகொண்டிருந்த நோய் அது. பறங்கி என்பது அதன் பெயர்.

பாதத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு வைத்தியர் வேண்டுமோ என்று வினவுவார் இன்றும் உளர். மேனாட்டார் அவ்வினாவுக்கு எப்போதோ விடை கண்டுவிட்டனர். நியூயோர்க்கிலே பாத வைத்தியர்கள் 1895இற் சங்கம் அமைத்தார்கள். 1911இல் அங்கே அதற்கெனத் தனிக் கல்லூரி எழுந்தது. இக்காலத்தில் அந்நாட்டிற் பாத வைத்தியராக விரும்பும் ஒருவர், பல்கலைக்கழகப் படிப்புக்குப் பின் நான்காண்டு இத்துறையையே கற்று, அதன்மேல் வைத்தியசாலையிற் பயிற்சியும் பெறல் வேண்டும். இறுகிய சப்பாத்து அணியும் நகரத்தாரின் கால் ஆணியும் உள்வளர்ந்த நகமுமே அக்கலைக்கு ஆதியில் வாய்த்த பாடங்கள். வெறுங்காலோடு வாழ்ந்த மன்னார்க் கரைக்கு வாய்த்த பாடம் வேறு, அது கடுமையானது.

அக்கரையிலே காலும் ஒரு தொழிற்கருவி. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களிலே குளித்தவர்கள், கயிற்றிற் கட்டிய கனத்த கல்லின்மேற் காலை வைத்து, கயிற்றைக் கால்விரலால் இடுக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் அடக்கும் மூச்சோடு கடலின் அடிக்கு இறங்கினார்கள். நிலத்தை அடைந்ததும் கல்லினின்றும் காலை எடுத்துவிடுவர். மேலே தோணியில் நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வர். முத்தின் விலையைப் பேசும் நூல்கள் பல. அதனை எடுத்து வரக் கடலடிக்கு இறங்கிய கால்களைப் பற்றிப் பேசுவன சில.

பெருநிலத்து உழவனுக்கோ சேறே களம். பறங்கி நோய் அவனைத் தாக்கியது அவ்விடத்திலேதான். முள்ளோ கல்லோ கீறிய சிறு காயத்தின் வழியாக, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலே, காலிலே முதற் புண் தோன்றும். பின்னர் உடலெங்கும் கொப்புளங்கள் பரவும். ஆண்டுகள் சில சென்றபின் உள்ளங்காலின் தோல் தடித்து வெடிக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு வாள்போல வளைதலும் உண்டு. உள்ளங்காலை நிலத்தில் ஊன்ற இயலாதவர் பாதத்தின் ஓரத்தால் நண்டு நடப்பதுபோல நடப்பர். நோய் எளிதிற் கொல்வதன்று, நடையைக் கெடுப்பது. நடை கெட்டவன் வரம்பு கட்டான். வரம்பு கட்டாத வயல் காடாகும்.

இந்நோய் போர்த்துக்கேயரோடு வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அவர்கள் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். பறங்கியர் என்பது தமிழர் அவர்களுக்கு இட்ட பெயர். எனினும் பெயர் ஒன்றே சான்றாகாது. புதிதாய் வந்த தீமையை அயலார் தலையிற் சுமத்துதல் எந்நாட்டார்க்கும் இயல்பே. நாட்டு வைத்தியர்கள் பறங்கிப்பட்டை என்னும் மருந்தை இத்தகைய புண்களுக்குக் கொடுத்துவந்தனர் என்பது மட்டும் தெளிவு.

வன்னியிலே குடிசனம் அருகிவருதலைக் கண்ட அரசினர், காரணத்தை ஆராயுமாறு ஜேம்ஸ் லூஸ் என்னும் வைத்தியரைப் பணித்தனர். இவர் இலங்கையிலே பிறந்த பறங்கியர் குலத்தவர். பறங்கி நோயை ஆராயப் பறங்கியர் ஒருவரே சென்றமை விந்தையே. 1868இல் வெளிவந்த அவரது அறிக்கை ஊர்கள் பாழாவதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தது. நல்ல நீரும் நல்ல உணவும் இன்மையையும் சுட்டியது. மருந்து கொடுக்க வேண்டுமாயின் கொடுப்பவர் வேண்டும். அவரையெல்லாம் கடல் கடந்து வருவித்தல் ஆகாது. இவ்வறிக்கையின் பயனாகவே தேசாதிபதி சேர் ஹேர்க்குலிஸ் றொபின்சன் காலத்தில் கொழும்பு வைத்தியப் பாடசாலை நிறுவப்பட்டது. முதல் அதிபராய் அமர்ந்தவர் அந்த லூஸ் அவர்களே. தொடக்கத்தில் மூன்றாண்டுப் படிப்பு. 1880இல் அது இலங்கை வைத்தியக் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

வட பகுதியிலே இதற்கு முன்பே வைத்தியக் கல்வி வேரூன்றியிருந்தது என்பதையும் மறத்தல் கூடாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மாணாக்கரைப் பயிற்றினார்; பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். சத்திரசிகிச்சையைக் கூறும் அவரது ‘இரண வைத்தியம்’ 1867இல் தமிழில் அச்சாயிற்று. புண்ணோடு வரும் நோயாளியின் மொழியிலேயே புண்ணின் இயல்பை வைத்தியன் கற்ற காலம் அது. கொழும்பிலோ பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நோயாளிக்கு எது அணுக்கமானது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

பறங்கியின் மூலம் 1905இல் வெளிப்பட்டது. மறிச்சுக்கட்டியிலே முத்துக்குளிப்பு பெருந்திருவிழாவெனச் சிறந்த அதே ஆண்டில், கொழும்பிலிருந்த இத்தாலிய வைத்தியர் அல்தோ கஸ்தெல்லானி, புண்ணின் நீரிலே திருகாணி போன்ற நுண்கிருமியைக் கண்டறிந்தார். உணவோ நீரோ நோயின் வித்தன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் லூஸ் கூறியது முழுவதும் பிழையாகாது. நீரும் சவர்க்காரமும் அரிதாயுள்ள நெருக்கமான குடிசைகளிலேதான் அக்கிருமி ஒரு தோலினின்று மற்றொரு தோலுக்குத் தாவுகின்றது. பெனிசிலின் வந்தபின் ஒரே ஊசியால் இந்நோய் தீரலாயிற்று. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 46 நாடுகளிலே நடத்திய இயக்கத்தில் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கள் மருந்து பெற்றனர்.

வன்னிப் பாதையில் வேறு கால்களும் நடந்தன. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். நாளடைவில் அந்நடை ஒழிந்தது; 1914இல் தலைமன்னார்ப் புகையிரதமும் வந்தது. தோட்டத்தை அடைந்த பின்னும் அவர்தம் வெறுங்காலுக்கு ஒரு பகை காத்திருந்தது, அது கொழுக்கிப்புழு. அசுத்தமான ஈரமண்ணிலிருந்து அப்புழுவின் குஞ்சு பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகும் என்பதை 1898இல் கெய்ரோவிலே கண்டவர் ஆதர் லூஸ் என்னும் செர்மானியர். குஞ்சுகள் இருந்த நீர்த்துளி தம் கைமேற் சிந்திச் சிவந்ததே அவருக்குக் கிடைத்த குறிப்பு. இவ்விரு லூஸ்களும் உறவினர் அல்லர். பாதத்தின் வரலாற்றில் மட்டும் பக்கம் பக்கமாய் நிற்கின்றனர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே இப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினர். அக்காலத்து மருந்துகளில் ஒன்று தைமோல். பாட்டிமார் அறிந்த ஓமத்தின் உப்பே அது.

பாத வைத்தியத்தின் அடுத்த பாடம் பாக்குநீரிணைக்கு அப்பால் வேலூரிலே கற்கப்பட்டது. கொல்லிமலையில் 1914இற் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட், தொழுநோயாளரின் கால்விரல்கள் நோயினால் தாமே உதிர்வன அல்ல என்று காட்டினார். நோவு அறியாத கால் முள்ளையும் நெருப்பையும் அறியாது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றிப் புண்ணாகும். ஆகவே மருந்தோடு மெத்தென்ற றப்பர் அடியுள்ள செருப்பையும் அவர் சிகிச்சையாக்கினார். 1966இல் அவர் அமெரிக்காவிலுள்ள கார்வில் சென்றபோது, நீரிழிவு நோயாளரின் உணர்விழந்த கால்களுக்கும் அம்முறையே பயன்பட்டது.

யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்னும் அந்நீரிழிவு இன்று மன்னாரிலும் உண்டு. பேசாலையிலோ பள்ளிமுனையிலோ வலையிழுக்கும் முதியவர் ஒருவரின் காலிலே உடைந்த சிப்பி குத்துகின்றது. நரம்பு கெட்டிருந்தால் அவர் அதனை அறியார். மணலிற் பதிந்த குருதியைப் பின்னால் வருபவர் கண்டு சொல்லும்போதே குனிந்து பார்க்கின்றார். அப்புண்ணை அன்றே கழுவிக் கட்டுவதா, மாதம் சென்றபின் விரலையோ காலையோ களைவதா என்பது, பாதத்தைப் பார்க்கக் கற்ற ஒருவர் எத்துணை அருகில் இருக்கின்றார் என்பதைப் பொறுத்தது.