சமூகப்பணிக் கல்வியில் களப்பணிப் பதிவு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வறியோர்க்கு உதவுதல் எல்லாச் சமூகங்களிலும் அறமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதனைப் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய துறையாகக் கற்பிக்கும் வழக்கம் ஏறத்தாழ 125 ஆண்டுப் பழமையே உடையது. மாணவரைப் பணிக்கு ஆயத்தப்படுத்துவதில் களப்பணிப் பதிவு பெற்ற இடத்தையும், தமிழ்நாட்டுச் சூழலில் அதன் மொழி எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்கத் தொடக்கம்

1897-இல் டொராண்டோவில் நடந்த அறப்பணி மாநாட்டில், தொண்டர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென மேரி ரிச்மண்ட் வலியுறுத்தினார். மறு ஆண்டே நியூயார்க்கின் அறப்பணி அமைப்புச் சங்கம் ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கியது. சங்கத்தின் அன்றாட வேலையிலிருந்து இப்பயிற்சி முளைத்தது. ஆதலின் குடும்பங்களைச் சந்தித்தலும் அவர்தம் நிலையை எழுதி வைத்தலும் அதன் அடிப்படையாயின.

1915-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி முழுமையான தொழில்நெறி என்னும் நிலையை இன்னும் எய்தவில்லை என்று வாதிட்டார். 1917-இல் ரிச்மண்ட் வெளியிட்ட ‘சமூக நோயறிதல்’ என்னும் நூல், குடும்பங்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து துறைக்கென ஒரு முறையியலை வகுத்தது. மறுபுறம், எடித் அபட்டும் சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் நடத்திய சிகாகோ பள்ளி 1920-இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சட்டம், பொருளியல், சமூக ஆய்வு ஆகியவற்றைக் கல்லாத பயிற்சி குறையுடையது என்பது அவர்தம் கருத்து. களத்தையும் வகுப்பறையையும் எவ்வாறு இணைப்பது என்னும் வினா அன்றுமுதல் இக்கல்வியைத் தொடர்ந்து வருகிறது.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவில் 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி பம்பாயில் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், தொழிலாளர் வாழ்ந்த நாக்பாடா பகுதியில் சமுதாய இல்லம் நடத்தி வந்த அமெரிக்கர். பள்ளியும் அவ்வில்லத்திலேயே தொடங்கப்பட்டமையால் களம் வகுப்பறையின் வாயிலிலேயே இருந்தது. 1944-இல் இப்பள்ளி டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று. பின்னர்க் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சமூகப்பணித் துறைகள் தோன்றின. தனிநபர்ப் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் என்னும் பகுப்பும் பாடநூல்களும் பெரும்பாலும் அமெரிக்க மரபிலிருந்து வந்தவை.

பதிவின் பயன்

மாணவர் வாரத்தில் சில நாள் மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் போன்றவற்றில் பணியாற்றுவர். சந்திப்பில் பேசியதையும் செய்ததையும் தாம் உணர்ந்ததையும் எழுதுவர். அதனை முன்வைத்து ஆசிரியர் மாணவரோடு உரையாடுவார். ‘தீர்ப்பிடாத மனப்பான்மை’ என்பதை வகுப்பில் மனனம் செய்துவிடலாம். குடிக்கு அடிமையான ஒருவரிடம் தாம் கடிந்து பேசிய இடத்தைத் தம் பதிவிலேயே காணும்போதுதான் மாணவர் அதன் பொருளை உணர்கிறார்.

இப்பயன் பேச்சு உள்ளவாறே பதிவாவதைப் பொறுத்தது. ரிச்மண்ட் ஆராய்ந்த பதிவுகள் பெரும்பாலும் பணியாளர் பேசிய மொழியிலேயே எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலோ மக்கள் தமிழில் கூறுவதைப் பல துறைகளில் மாணவர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். ‘மனசு சரியில்லை’ என்று ஒரு பெண் கூறியது பதிவில் மனச்சோர்வு நோயைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லாக மாறக்கூடும். அவர் குறித்தது கணவரின் கடனாகவோ மகளின் படிப்பு நின்றதாகவோ இருக்கலாம். பெயர்ப்பிலேயே முடிவு புகுந்துவிடுவதால், மாணவர் கேட்டதற்கும் கருதிக்கொண்டதற்கும் இடையிலான வேறுபாட்டை ஆசிரியரால் காண இயலாது போகிறது.

முடிவுரை

களப்பணி நாள்களின் எண்ணிக்கை மட்டும் ஒருவரைப் பணியாளராக்குவதில்லை. பதிவும் அதன்மேல் நிகழும் உரையாடலுமே வகுப்பறையைக் களத்தோடு இணைத்து வந்துள்ளன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எனவே, உரையாடற் பகுதியையேனும் மக்கள் பேசிய தமிழிலேயே எழுதப் பாடத்திட்டம் இடமளித்தல் வேண்டும். பகுப்பாய்வு எம்மொழியிலும் அமையலாம். பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிப் பேணப்படின், அப்பதிவுகள் தமிழிலேயே சமூகப்பணிப் பாடநூல்கள் எழுதுவதற்கு மூலமாகவும் அமையும்.