தண்டிக்க வாக்கு இல்லாதபோது: அமெரிக்க அதிபர்கள் மீதான பதவி நீக்கத் தீர்மானங்கள்

அமெரிக்க அதிபர் எவரும் இதுவரை செனட் சபையில் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பதவி இழந்ததில்லை. ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், டொனால்ட் டிரம்ப் ஆகிய மூவர் மீது பிரதிநிதிகள் சபை மொத்தம் நான்கு முறை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. நான்கிலும் விடுதலைதான். ரிச்சர்ட் நிக்ஸன் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு முன்பே விலகிக்கொண்டார். செனட் தண்டித்துப் பதவியிறக்கம் செய்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருமே நீதிபதிகள். தண்டனைக்கு, வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். இன்றைய நூறு பேர் கொண்ட செனட்டில், அனைவரும் வந்திருந்தால், அது 67 வாக்கு. இரு கட்சிகளும் ஏறத்தாழ சமபலத்தில் நிற்கும் சபையில் அந்த எண்ணைத் தொடுவதென்றால் அதிபரின் சொந்தக் கட்சியினர் பதினைந்து இருபது பேராவது அவருக்கு எதிராக எழ வேண்டும்.

ஆகவே தோற்கப்போகும் தீர்மானத்தை ஏன் கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2019 மார்ச்சில் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசி சொன்னதும் இதையொட்டியதே: இத்தகைய தீர்மானம் நாட்டைப் பிளக்கும், மறுக்க முடியாத ஆதாரமும் இரு கட்சி ஆதரவும் இருந்தாலன்றி அந்த வழியில் இறங்கக் கூடாது. பொறுப்புள்ள நிலைப்பாடுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரமும் எதிர்க்கட்சி ஆதரவும் விசாரணையின் தொடக்கத்தில் கையில் இருப்பவை அல்ல. விசாரணை ஒழுங்காக நடந்தால் அதன் முடிவில் கிடைக்கக்கூடியவை. தண்டனை கிடைக்காது என்ற கணிப்பு, தீர்மானத்தைக் கைவிடுவதற்குப் போதிய காரணம் ஆகாது என்பதே என் வாதம். குற்றச்சாட்டை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கவும் விசாரணையை நீட்டவும்தான் அது காரணமாக வேண்டும். தோல்வி எதிர்பார்க்கப்படும் வழக்கில், தீர்ப்புக்குப் பின்னும் நிற்கப்போவது ஆவணம் ஒன்றே.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் எட்மண்ட் பர்க். 1785 பிப்ரவரியில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி காமன்ஸ் சபையில் அவர் ஒரு நெடிய உரை நிகழ்த்தினார். நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த கும்பினிக்காரர்கள், அந்தக் கடனின் பேரால் கர்நாடகத்து விளைச்சலின் வருவாயை எப்படி உறிஞ்சினார்கள் என்பதை விரித்துரைத்தும், வாக்கெடுப்பில் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில், வங்காளத்தின் முன்னாள் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது வழக்குக்கு ஆயத்தமானபோது, பிலிப் பிரான்சிஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் வெற்றி பற்றிய மயக்கம் ஏதுமில்லை. விலைபோன மன்றத்தின் முன் முன்கூட்டியே தீர்ப்பான வழக்கைக் கொண்டுசெல்கிறோம். ஆதாரத்திலும் முக்கியத்துவத்திலும் வலுவான வழக்கொன்றை அமைப்பது மட்டுமே நம் வேலை. மற்றதை எண்ணிப் பயனில்லை என்பது அதன் சாரம். விசாரணை 1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. ஏழு ஆண்டு இழுத்து, 1795 ஏப்ரலில் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். ஆனால் பனாரஸ் அரசர் சேத் சிங்கிடமிருந்து பணம் பிடுங்கியதும், அவத் பேகம்களின் கருவூலம் பறிபோனதும் நாடாளுமன்ற ஏட்டில் ஏறிவிட்டன. தொலைவில் ஆட்சி செய்பவனும் தன் செயலுக்குத் தாயகத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை, அந்தத் தோல்வியின் வழியாகவே ஊன்றப்பட்டது.

இந்த வழக்கு அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. 1787 செப்டம்பர் 8 அன்று பிலடெல்பியா மாநாட்டில், தேசத்துரோகம், லஞ்சம் என்ற இரண்டு குற்றங்கள் மட்டும் போதா என்று வாதிட்ட ஜார்ஜ் மேசன் எடுத்துக்காட்டியது ஹேஸ்டிங்ஸைத்தான். ஹேஸ்டிங்ஸின் குற்றம் தேசத்துரோகம் அல்ல என்றார் அவர். ‘சீர்கெட்ட நிர்வாகம்’ என்பதையும் சேர்க்க அவர் விரும்பினார். அது செனட்டின் விருப்பத்துக்கு அதிபரை அடிமையாக்கிவிடும் என்று மேடிசன் மறுக்கவே, ‘பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்’ என்ற தொடர் வந்தது. அரசமைப்பை எழுதியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு என்ற உயரத்தை அறிந்தே வைத்தார்கள். கட்சிகளின் பலமே தீர்ப்பை முடிவுசெய்துவிடும் அபாயத்தை ஹாமில்டன் ‘ஃபெடரலிஸ்ட்’ 65ஆம் கட்டுரையில் வெளிப்படையாகவே எழுதினார். அப்படி இருந்தும் குற்றம் சாட்டும் அதிகாரத்தைச் சாதாரணப் பெரும்பான்மைக்கே விட்டார்கள். தண்டனை நிச்சயம் என்றால்தான் குற்றம் சாட்டலாம் என்பது அவர்கள் கருத்தாக இருந்திருந்தால், இரண்டு சபைகளுக்கும் இரண்டு அளவுகளை வைத்திருக்க மாட்டார்கள்.

1868ஆம் ஆண்டின் வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாக்குக் கணக்குக்காகக் குற்றச்சாட்டைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆண்ட்ரூ ஜான்சனின் உண்மையான குற்றம் எல்லோரும் அறிந்தது. உள்நாட்டுப் போரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளை அவர் திட்டமிட்டு முடக்கினார். 1866இன் குடிமை உரிமைகள் சட்டத்தை ரத்ததிகாரத்தால் தடுத்தார்; காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. தெற்கு மாநிலங்களைப் பழைய அடிமை உடைமையாளர்கள் கையில் திரும்ப ஒப்படைக்க முயன்றார். இந்த விரிந்த குற்றத்தின் பேரில் கொண்டுவரப்பட்ட முதல் முயற்சியை 1867 டிசம்பரில் சபை 57க்கு 108 என்று தோற்கடித்தது. திட்டவட்டமான சட்டமீறல் ஒன்று வேண்டும் என்று பலர் காத்திருந்தார்கள். போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை ஜான்சன் நீக்கியதும், செனட்டின் இசைவின்றி அதிகாரிகளை நீக்கக் கூடாது என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டது. காத்திருந்த சந்தர்ப்பம் வந்துவிட்டது. 1868 பிப்ரவரி 24 அன்று 126க்கு 47 என்று தீர்மானம் நிறைவேறியது. பதினொரு குற்றச்சாட்டுகளில் முதல் ஒன்பதும் ஸ்டான்டனின் நீக்கத்தைச் சுற்றியே அமைந்தன.

எளிதான குற்றச்சாட்டில் தப்பிக்கும் வழியும் எளிதாக இருந்தது. ஒரு செயலருக்கான பாதுகாப்பு, அவரை நியமித்த அதிபரின் பதவிக்காலத்துக்கும் அதன்பின் ஒரு மாதத்துக்கும் என்றது சட்டம். ஸ்டான்டனை நியமித்தவரோ லிங்கன். இதைப் பிடித்துக்கொண்டார்கள் ஜான்சனின் வழக்கறிஞர்கள். மே 16 அன்று, வெற்றிக்கு மிக வாய்ப்புள்ளதாகக் கருதப்பட்ட பதினொன்றாம் குற்றச்சாட்டை முதலில் வாக்குக்கு விட்டார்கள். சில நாட்களுக்கு முன் பக்கவாதத்தால் விழுந்திருந்த ஐயோவா செனட்டர் ஜேம்ஸ் கிரைம்ஸை அவைக்குள் தூக்கிவந்தார்கள். ‘குற்றமற்றவர்’ என்று அவர் வாக்களித்தார். அவரையும் சேர்த்துக் குடியரசுக் கட்சியினர் எழுவர் கட்சியைப் பிரிந்தனர். 35க்கு 19. தேவைப்பட்டது 36. பத்து நாள் கழித்து வேறு இரண்டு குற்றச்சாட்டுகளிலும் அதே எண் வரவே, விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

ஒரு வாக்கில் தோற்றதை வரலாறு பேசிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுவது வேறு. கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி, வழக்கின் ஆவணத்தில் ஓர் ஓரமாகவே இடம்பெற்றது. ஸ்டான்டனைக் காத்த சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. அத்தகைய சட்டம் செல்லாது என்பதை 1926இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. விளைவாக, பல தலைமுறை மாணவர்கள் இந்த வழக்கை ஒரு நியமனத் தகராறாகவும், ஜான்சனைச் சட்டத்தின் பக்கம் நின்றவராகவும் படித்தார்கள். அவரது உண்மையான குற்றத்தைச் சாட்டியிருந்தாலும் ஒருவேளை இதைவிட மோசமாகத் தோற்றிருக்கலாம். ஆனால் அந்தத் தோல்வியில் இந்தப் பொய்ச் சித்திரத்துக்கு இடம் இருந்திருக்காது.

1974இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பிப்ரவரி 6 அன்று 410க்கு 4 என்று விசாரணைக்குச் சபை அனுமதி அளித்தபோது, நிக்ஸன் செனட்டில் தண்டிக்கப்படுவார் என்று சொல்லும் நிலை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நீதித்துறைக் குழுத் தலைவர் பீட்டர் ரோடினோ அவசரப்படவில்லை. சிறப்பு வழக்கறிஞர் ஜான் டோரின் அலுவலகத்தில் இளம் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு தகவலையும் தனித்தனி அட்டையில் எழுதி, தேதிவாரியாகவும் ஆள்வாரியாகவும் அடுக்கினார்கள். குற்றம் என்று எதையும் முடிவுசெய்யாமல், நடந்தது இன்னது, அதற்குச் சான்று இன்னது என்று மட்டும் தொகுப்புகள் உறுப்பினர்களுக்குப் போயின. வாரக்கணக்கில் மூடிய அறையில் அவற்றைப் படித்தார்கள். ஜூலை 27 அன்று முதல் குற்றச்சாட்டு 27க்கு 11 என்று நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினர் பதினேழு பேரில் ஆறு பேர் ஆதரித்திருந்தார்கள். கம்போடியா மீது ரகசியமாகக் குண்டு வீசியது, வருமான வரி முறைகேடு என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை அதே குழு நிராகரித்தது. அந்தக் கட்டுப்பாடும் நம்பிக்கையை வளர்த்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிக்ஸனை வீழ்த்திய 1972 ஜூன் 23ஆம் தேதி ஒலிநாடா குழுவின் முயற்சியால் வெளிவந்ததல்ல. தனி அரசு வழக்கறிஞரின் குற்றவியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று பிறப்பித்த ஆணையால் வந்தது. ஆனால் அது ஆகஸ்ட் 5 அன்று வெளியானபோது, அதைப் பொருத்திப் பார்க்க ஒரு முழுமையான ஆவணம் தயாராக இருந்தது. குழுவில் எதிர்த்து வாக்களித்திருந்த பதினொரு பேரும் முதல் குற்றச்சாட்டை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். நான்கு நாளில் நிக்ஸன் வெளியேறினார். பிப்ரவரியில் செனட் வாக்குகளை மட்டும் எண்ணிப் பார்த்து நிறுத்தியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

கிளின்டன் வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1998 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பெற்ற பின்பும், பதவிக்காலம் முடியப்போகும் சபை டிசம்பரில் தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட்டில் ஒரு குற்றச்சாட்டுக்கு வாக்கு 45க்கு 55, இன்னொன்றுக்கு 50க்கு 50. கிளின்டன் மீது சாட்டப்பட்ட பொய்ச்சாட்சி சிறிய குற்றமல்ல. ஆயினும் அந்தப் பொய் அரசு அதிகாரத்தைக் கொண்டு மக்களுக்கு இழைத்த கேடு அல்ல. மக்கள் அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். தோற்கும் என்று தெரிந்த வழக்கைத் தொடுக்க நியாயம் வேண்டுமென்றால், குற்றம் ஆட்சிமுறையின் வேரைத் தொடுவதாக இருக்க வேண்டும். கிளின்டன் வழக்கில் அது இல்லை.

2019இல் இருந்தது. உக்ரைனுக்கான ராணுவ உதவியை நிறுத்திவைத்துவிட்டு, தன் தேர்தல் எதிராளி மீது விசாரணை அறிவிக்கும்படி அந்நாட்டு அதிபரை டிரம்ப் வற்புறுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. தேர்தலில் மக்கள் தீர்ப்பளிக்கட்டும் என்ற வாதம் இங்கே செல்லாது. தேர்தலையே வளைக்க முயன்றார் என்பதல்லவா புகார்? சபை செயல்பட்டது சரி. செயல்பட்ட வேகம் சரியல்ல. விசாரணை அறிவிப்பு செப்டம்பர் 24. தீர்மானம் டிசம்பர் 18. பன்னிரண்டு வாரம். முக்கிய சாட்சியான ஜான் போல்டனை நீதிமன்றம் வழியாகக் கட்டாயப்படுத்தச் சபை முயலவில்லை. நீதிமன்றம் தாமதிக்கும் என்ற அச்சம் பொய்யல்ல: 2019 ஏப்ரலில் அழைப்பாணை பெற்ற முன்னாள் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மக்கான் சாட்சியம் சொன்னது 2021 ஜூனில். இருந்தும், செனட் அழைத்தால் சாட்சி சொல்வேன் என்று போல்டனே 2020 ஜனவரியில் அறிவித்தார். அப்போது சபை தீர்மானத்தை நிறைவேற்றி முடித்திருந்தது. சாட்சிகளை அழைக்க வேண்டாம் என்று செனட் 51க்கு 49 என்று முடிவுசெய்தது. கட்சி பிரிந்து குற்றவாளி என்று வாக்களித்தவர் மிட் ராம்னி ஒருவரே. அதிபரின் சொந்தக் கட்சியிலிருந்து அப்படி வாக்களித்த முதல் செனட்டர் அவர். இன்னும் மூன்று மாதம் விசாரித்திருந்தால் 67 வாக்கு வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆவணம் முழுமையாகியிருக்கும்.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் சபை ஒரே வாரத்தில் தீர்மானம் நிறைவேற்றியதைக் குறை சொல்ல முடியாது. பதவிக்காலத்தில் மிஞ்சியது ஏழு நாள். பத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். அடுத்த தேர்தலுக்குப் பின் அவர்களில் இருவரே சபையில் எஞ்சினார்கள். செனட்டில் 57க்கு 43: ஒரு அதிபருக்கு எதிராக இரு கட்சியிலிருந்தும் விழுந்த மிகுதியான வாக்கு அதுவே. என் மனத்தை உறுத்துவது பிப்ரவரி 13 காலை நடந்தது. சாட்சிகளை அழைக்கலாம் என்று செனட் 55க்கு 45 என வாக்களித்தது; சில மணி நேரத்துக்குள் இரு தரப்பும் உடன்பட்டு, ஒரே ஓர் எழுத்து அறிக்கையோடு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். வெள்ளை மாளிகை ஊழியர் காசிடி ஹட்சின்சன் தாம் கண்டதை நாடறியச் சொன்னது 2022 ஜூன் 28 அன்று, சபையின் வேறொரு குழு முன்பாக. தீர்ப்பு வந்து பதினாறு மாதம் கடந்திருந்தது. தண்டித்திருந்தால், மீண்டும் பதவி வகிக்கத் தடை விதிக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அந்த வாய்ப்பு போனது. 2024இல் டிரம்ப் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்வாதத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. விடுதலை ஆனவர் அதையே நற்சான்றிதழாகக் காட்டுவார்; தோற்ற தீர்மானம் அடுத்த அதிபருக்குத் துணிவைத் தரும். இது உண்மை. செனட் விடுவித்தவர் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்றுகூட டிரம்பின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1 தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, அதிபரின் அலுவல் சார்ந்த செயல்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து விரிந்த காப்பையும் அளித்துவிட்டது. செயலின் நோக்கத்தைக்கூட நீதிமன்றம் ஆராயக் கூடாது என்றது.

அதிபர் தன் அதிகாரத்தைக் கொண்டே இழைக்கும் குற்றத்துக்கு நீதிமன்றத்தின் வாசல் பெருமளவு அடைபட்டுவிட்ட நிலையில், அந்தக் குற்றத்தைப் பெயர் சொல்லிச் சாட்டி, நோக்கம் உட்பட முழுவதையும் விசாரிக்கத் தடையற்ற உரிமை பிரதிநிதிகள் சபைக்கே எஞ்சியிருக்கிறது. செனட்டில் எத்தனை பேர் இசைவார்கள் என்று எண்ணிப் பார்த்து அந்த உரிமையைச் சபை கைவிடக் கூடாது. சாட்சிகள் அனைவரையும் விசாரிக்காமல் வழக்கைச் செனட்டிடம் அனுப்பவும் கூடாது.