காந்தத்துக்கு ஞாபக சக்தி உண்டா?

பி.காம் படிக்கிறவனுக்கு காந்தத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொங்கல் லீவில் கடலூர் முதுநகர் வீட்டுப் பரணை ஒழித்தபோது தாத்தாவின் பழைய ரேடியோ கிடைத்தது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சி. இரும்பு என்று நினைத்தேன். கை தவறி விழுந்ததும் பீங்கான் மாதிரி இரண்டாக உடைந்தது. (தாத்தா திட்டியதை இங்கே எழுத முடியாது!)

சிதம்பரம் திரும்பியதும் இயற்பியல் படிக்கும் அறை நண்பனிடம் கேட்டேன். அது ஃபெரைட்டாம். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டது. காந்தத் தன்மை உண்டு, ஆனால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது.

காந்தப் பொருளுக்குள் டொமைன் என்ற குட்டிப் பகுதிகள் உண்டு என்று 1907ல் பிரான்சின் வெய்ஸ் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு திசை பார்க்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால், அதற்கு ஒத்த திசையில் உள்ளது பக்கத்து டொமைனை விழுங்கி வளரும். வயல் வரப்பை நகர்த்துவது போலத்தான். 1931ல் பிட்டர் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைத் தூவி அந்த வரப்புகளைக் கண்ணுக்கே காட்டிவிட்டார்.

ரேடியோ அலையில் இந்த வரப்பு நொடிக்கு லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் போக வேண்டும். இரும்பில் அப்போது சுழல் மின்னோட்டம் கிளம்பி ஆற்றலைத் தின்றுவிடும். ஃபெரைட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. 1940களில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்னூக் இதைப் பயனுக்குக் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். ரேடியோ குச்சியில் புலம் போனதும் வரப்பு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கலவையை மாற்றினால் திரும்பாது, போன இடத்திலேயே நிற்கும். அதாவது ஞாபகம்! ஒரு குட்டி வளையம் வலமாகக் காந்தமானால் ஒன்று, இடமாக என்றால் பூஜ்யம்.

இந்த வளையங்களை வைத்துத்தான் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு ஒரு முழுக் கம்ப்யூட்டரைத் தாங்களே கட்டியது. 1960ல் இயங்கத் தொடங்கியது. 1962ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். நினைவகம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் 81,920 பிட், வெறும் 10 கேபி. என் பாடப்புத்தகத்தின் கம்ப்யூட்டர் வரலாற்றில் எனியாக் இருக்கிறது, இதற்கு ஒரு வரி கூட இல்லை. எரிச்சலாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை, வளையத்தில் இருப்பதைப் படித்தாலே அது அழிந்துவிடும். படித்த கையோடு மறுபடி எழுதி வைக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் என் கதைதான் :-)

1964ல் அங்கே அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து இறங்கியது. டிஃப்ராக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.