ஒற்றியூரும் உப்பின் வழியும்

திருவொற்றியூர் என்னும் பெயருக்குத் தலபுராணம் காட்டும் காரணம் ஒன்றுண்டு. ஊழிக்காலத்து வெள்ளம் இறைவன் ஆணையால் இவ்விடத்தை விட்டு ஒற்றி நின்றதாம். உப்புநீரை விலக்கி நிறுத்துதல் புராணத்தில் ஒரு நொடிச் செயல். மாந்தர் அதனைக் கற்கப் பன்னெடுங்காலம் ஆயிற்று. அவர்தம் உடம்போ அதை ஓயாது செய்துகொண்டே இருந்தது. இவ்வூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தார் உடம்பை இகழ்ந்து பாடியவர். சிறுநீரகத்தின் கணக்கை அறிந்திருந்தால் அவ்வோர் உறுப்பையாவது விட்டுவைத்திருப்பாரோ என்னவோ!

இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியது குருதிக்கே மீள்கிறது. வடிப்பது குருதியின் அழுத்தமே என்று 1842இல் ஜெர்மானியர் கார்ல் லுட்விக் உரைத்தார். இல்லை, உயிரணுக்களே சுரக்கின்றன என்று ஹைடன்ஹைன் மறுத்தார். வழக்கு நெடுநாள் நீண்டது. 1924இல் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் தவளையின் சிறுநீரகத்தில் மயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செருகி, வடிந்த நீரை எடுத்துப் பார்த்தனர். அதில் சர்க்கரை இருந்தது, சிறுநீர்ப்பையில் இல்லை. இடைவழியில் அது மீட்கப்பட்டிருக்க வேண்டும். 1941இல் பாலூட்டிகளிலும் இவ்வாறே காணப்பட்டது.

மீட்பது யார்? விடை நண்டின் காலிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ, கரைநண்டின் நரம்பை ஆராய்ந்து 1957இல் ஒரு நொதியை வெளிப்படுத்தினார். எண்ணூர்க் கழியில் நண்டு பிடிப்போர் கேட்டால் நகைப்பர். அதற்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நொதி உயிரணுச் சவ்வில் அமர்ந்து, மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது. அதனால் அணுவுக்குள் சோடியம் குறைகிறது. குறைந்த இடத்தை நாடி நுண்குழலிலிருந்து சோடியம் புகும்போது, சர்க்கரையும் அதன் கைப்பற்றி உடன் வருகிறது. உப்பு சென்ற வழியே நீரும் தொடர்கிறது. அந்நீருக்கென்றே சவ்வில் வாயில்கள் உண்டென்பதை 1992இல் பீட்டர் ஆக்ரே மெய்ப்பித்தார்.

இதற்கிடையே, இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன் (திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்!) கலிபோர்னியாவில் சிட்னி லோயப் என்பவருடன் சேர்ந்து செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஒரு சவ்வு சமைத்தார். கடல்நீரை அழுத்தினால் உப்பை நிறுத்தி நீரை மட்டும் விடும் சவ்வு அது, 1960இல் வெளியாயிற்று. முன்னிருந்த சவ்வுகளில் நீர் சொட்டவே தயங்கியது, இதில் ஓடியது. அவ்வழி வந்த சவ்வுகளைக் கொண்டே எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் மீஞ்சூர் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் என்பது அதன் திறன்.

ஆயினும் சிறுநீரகத்தோடு அதனை ஒப்பிட இயலாது. சிறுநீரகம் உப்பை நகர்த்தி நீரை அழைக்கிறது. ஆலையோ பெரும் அழுத்தத்தால் நீரைப் பிழிகிறது. எடுத்த நீரில் பாதிக்கு மேல் கடும் உவராய்க் கடலுக்கே திரும்புகிறது, மீனவர் வலைவீசும் அதே கடலுக்கு.

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு டயாலிசிஸ் செய்யும் கருவியிலும் சவ்வுண்டு; சோடியத்தை ஏற்றியிறக்கும் நொதி இல்லை. நான்கு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீரைக் குடிக்கிறது. அந்நீரைத் தூய்மை செய்வதும் சௌரிராஜன் வழிவந்த சவ்வே.